பிரெய்லுக்கு அனுப்ப முன்னாடி நோட்ஸ்ல குறியெல்லாம் சரி பண்றது எப்படி

ஹட்டன் பக்கம் எங்க தோட்டத்துல கண் தெரியாத தங்கச்சி ஒருத்திக்கு பிரெய்லுக்கு (விரலால தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து) மாத்துறதுக்காக ஓ லெவல் நோட்ஸ் டைப் பண்ணி குடுக்குறேன், அதுல படிச்சத சொல்றேன்.

முதல்ல ஃபான்ட்ட பாருங்க. நம்ம பக்கம் டியூஷன் நோட்ஸ் நிறைய இன்னும் பாமினிலதான் (இங்கிலீஷ் எழுத்துகளுக்கு தமிழ் உருவம் குடுத்த பழைய ஃபான்ட்) வருது, அதுல கமா கீதான் ‘இ’, செமிகோலன் கீதான் மெய்யெழுத்து புள்ளி, அப்படியே பிரெய்ல் சாஃப்ட்வேர்ல போட்டா ‘இலங்கை’ங்கிறது கமாவுல தொடங்குற இங்கிலீஷ் எழுத்தா போயிரும். தமிழ தமிழாவே பதியிற யுனிகோடுக்கு மாத்திட்டுதான் மத்த வேலை.

அடுத்தது கேள்விக்குறி, இதுதான் ரொம்ப முக்கியம். பிரெய்ல்ல கேள்விக்குறிக்கும் தொடக்க மேற்கோளுக்கும் ஒரே புள்ளிகள், 2-3-6 (ஒரு கட்டத்துல ஆறு புள்ளிக்கு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர்). சொல்லுக்கு பின்னால ஒட்டியிருந்தா கேள்வி, முன்னால ஒட்டியிருந்தா மேற்கோள். நீங்க “வந்தாளா ?”ன்னு நடுவுல ஸ்பேஸ் விட்டா விரலுக்கு ஏதோ பேச்சு தொடங்குற மாதிரி படும், பிள்ளை பாவம் அடுத்த வரில தேடும். மேற்கோளும் வளைஞ்சதா போடுங்க, முடிக்கிறது 3-5-6, நேர் கோடா இருந்தா எது தொடக்கம் எது முடிவுன்னு சாஃப்ட்வேர் ஊகிக்கணும்.

நம்பர்ல 2.5ன்னு ஒட்டியே எழுதுங்க, ஸ்பேஸ் விட்டா எண் குறி (நம்பர் தொடங்குதுன்னு காட்டுற பிரெய்ல் குறி) திரும்ப வந்து ரெண்டு நம்பரா தெரியும்.

கீறிட்ட இடம் நிரப்புகல முப்பது புள்ளி அடிக்காதீங்க, ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டம் பிடிக்கும். மூணு போதும், இல்லாட்டி ‘இடைவெளி’ன்னே எழுதிருங்க.