‘வரி ஏற்றினால் கடத்தல் பெருகும்’ என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

பட்ஜெட் நெருங்கினால் போதும், சிகரெட்டுக்கு வரி ஏற்றினால் கள்ளச் சந்தைதான் கொழுக்கும், அரசின் வருமானம் குறையும் என்று ஒரு செய்தி எங்காவது முளைத்துவிடும். பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் பெரிதானாலும் அதே பாட்டுதான். முழுப் பொய் என்று தூக்கி எறியவும் முடியாது, அப்படியே விழுங்கவும் கூடாது.

முதலில், ‘நாலில் ஒன்று கடத்தல் சிகரெட்’ மாதிரி எண் கண்ணில் பட்டால், யார் காசில் அதை எண்ணினார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வருடக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்ட, கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனத்தின் அறிக்கைகள் சிகரெட் கம்பெனிகள் பணம் கொடுத்துச் செய்ய வைத்தவை. அதனாலேயே தப்பு என்று ஆகிவிடாது, ஆனால் அடுத்த கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: எப்படி எண்ணினார்கள்?

அடிக்கடி நடப்பது காலி பாக்கெட் கணக்கெடுப்பு. தெருவில் கிடக்கும் பாக்கெட்டுகளைப் பொறுக்கி, எத்தனை வெளிநாட்டுச் சரக்கு என்று பார்ப்பது. டியூட்டி ஃப்ரீயில் நியாயமாக வாங்கிவந்தவர் வீசிய பாக்கெட்டும் அதில் விழும், அதைக் கழித்தார்களா என்று பாருங்கள். நம் ஊரில் இன்னொரு சிக்கல், பலர் ஒற்றை சிகரெட்தான் வாங்குகிறார்கள், காலி பாக்கெட் பெட்டிக்கடையிலேயே தங்கிவிடும்.

அப்புறம் முக்கியமானது, கடத்தப்பட்டது யார் செய்த சிகரெட்? கடத்தல் என்றதும் போலிச் சரக்குதான் ஞாபகம் வரும். ஆனால் பெரிய கம்பெனியின் அசல் சரக்கே கடத்தலில் ஓடியிருக்கிறது. கனடா கதையைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே வரி ஏறியபோது, கனடாவிலேயே செய்த சிகரெட் ஏற்றுமதி என்ற பெயரில் வரியில்லாமல் அமெரிக்கா போனது, அதில் பெரும்பகுதி எல்லையில் இருக்கும் அக்வெசஸ்னே பழங்குடிப் பகுதி வழியாக, செயின்ட் லாரன்ஸ் ஆற்றைத் தாண்டி, மறுபடி கனடாவுக்கே வந்து சேர்ந்தது. கடத்தலை நிறுத்த வரியைக் குறையுங்கள் என்று கம்பெனிகள் கேட்டன, 1994 பிப்ரவரியில் அரசும் குறைத்தது. 2008இல் இம்பீரியல் டொபாக்கோ கனடாவும் ரோத்மன்ஸ் பென்சன் அண்ட் ஹெட்ஜஸும் வரி முத்திரையில்லாத சரக்கை மற்றவர்கள் விற்க உதவியதாக ஒப்புக்கொண்டு, அபராதமும் இழப்பீடுமாக 100 கோடி கனடிய டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்தன. குழந்தையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான்.

நாங்களே உதவுகிறோம் என்று கம்பெனிகள் வந்தால் இன்னும் கவனம். பாக்கெட்டில் குறியீடு போட்டுத் தடம் பிடிக்கும் ‘கோடென்டிஃபை’ முறையை உருவாக்கியது ஃபிலிப் மோரிஸ். பிறகு மற்ற பெரிய கம்பெனிகளும் சேர்ந்துகொண்டு, அரசுகளிடம் அதை முன்வைத்தன. திருடன் கையில் சாவியா என்று எதிர்ப்பு கிளம்பியது. 2012இல் தென்கொரியாவின் சியோலில் ஏற்கப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த, புகையிலைக் கடத்தலுக்கு எதிரான சர்வதேச உடன்பாடு, தடம் பிடிக்கும் பொறுப்பைப் புகையிலைத் துறையிடம் ஒப்படைக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது.

சரி, வரிக்கும் கடத்தலுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வரி எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, கள்ளச் சந்தைப் போட்டியில் 2023 முதல் மெல்பர்னில் கடைகளுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. கம்பெனிகள் அதை உதாரணம் காட்டினால் மறுக்க வேண்டாம். ஆனால் பிரிட்டனையும் பக்கத்தில் வையுங்கள். 2000 வாக்கில் அங்கே ஐந்தில் ஒரு சிகரெட் கடத்தல் சரக்கு. துறைமுகங்களில் எக்ஸ்ரே ஸ்கேனர் வைத்தார்கள், சுங்கத்துறைக்கு ஆள் சேர்த்தார்கள், வரியை இறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கடத்தலின் பங்கு ஏறக்குறைய பாதியானது.

கடைசியாக, அந்தச் செய்தியில் கம்பெனி என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஸ்கேனரும் சுங்க ஆட்களும் கேட்டிருந்தால் தொடர்ந்து படிக்கலாம். வரிக்குறைப்பு மட்டும் கேட்டிருந்தால், மறுபடி முதல் கேள்விக்குப் போங்கள், எண்ணியது யார் காசில்?