வேலூர்ப் பாறை நிலத்தில் ஹாம் ரேடியோவுக்கு (அமெச்சூர் வானொலிக்கு) எர்த் போடுவது

சத்துவாச்சாரி, பாகாயம் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் எர்த் ராடு அடித்தால் பல இடங்களில் ஒரு மீட்டருக்குள் பாறை தட்டும். ராடை அறுத்துக் குட்டையாக்காதீர்கள், பக்கவாட்டில் போங்கள். அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் 15 மீட்டர் பள்ளம் வெட்டி, 25×4 மிமீ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைப் படுக்க வைத்து, சலித்த மண்ணில் பென்டோனைட் (ஈரம் பிடிக்கும் களிமண்) கலந்து மூடுங்கள். பள்ளம் வீட்டைச் சுற்றி வளைந்தாலும் சரிதான். உப்பு வேண்டாம். அது மழையில் கரைந்து போவதற்குள் ஜிஐயை அரித்துவிடும். ஆழமான மண் கிடைக்கும் இடத்தில் 17 மிமீ காப்பர் பூசிய 3 மீட்டர் ராடு இரண்டு, 6 மீட்டர் இடைவெளியில் அடிக்கலாம். நெருக்கி அடித்தால் இரண்டாவது ராடால் பெரிய பயன் இல்லை.

இந்த எர்த்தை வீட்டு மீட்டர் பெட்டியின் எர்த்தோடு 16 சதுர மிமீ காப்பர் கம்பியால் கட்டாயம் இணைக்க வேண்டும். ரேடியோவுக்குத் தனி எர்த் என்று பிரித்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும், அது பாயும் வழி உங்கள் ரிக்தான் (ரேடியோ கருவி). மெயின் பக்க வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். பழைய வீடானால் சாக்கெட்டின் எர்த் பின் நியூட்ரலோடு பாலம் போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால், நியூட்ரல் அறுந்த நொடியில் ரிக்கின் உடம்பில் 230 வோல்ட் நிற்கும்.

ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சுவருக்கு வெளியே ஒரு காப்பர் தகடு பொருத்தி, அரெஸ்டரை (மின்னல் அழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் சாதனம்) அதில் முடுக்குங்கள். தகட்டிலிருந்து எர்த்துக்கு 25×3 மிமீ காப்பர் பட்டை, கூர்மையான வளைவில்லாமல், முடிந்தவரை நேராக இறங்கட்டும். காப்பரும் ஜிஐயும் சேரும் இடத்தில் வெள்ளீயம் பூசிய லக் (இணைப்பு வளையம்) போட்டு, ஈரம் புகாமல் கிரீஸ் பூசுங்கள். வெறுமனே முறுக்கினால் அரித்துப்போகும்.

மாடியில் ரிக் வைத்தவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். எர்த் கம்பி 10 மீட்டர் நீண்டால் 7 மெகாஹெர்ட்ஸில் அது கால் அலை நீளம், ரிக் முனையில் ஆர்எஃப்புக்கு (ரேடியோ அதிர்வெண் மின்னோட்டத்துக்கு) எர்த்தே இல்லாதது போல ஆகும். மைக் உதட்டைச் சுடும். கம்பியைத் தடிமனாக்கினால் தீராது. டைபோலின் (இரு கை ஆன்டெனாவின்) ஊட்டுமுனையில் 1:1 கரன்ட் பலூன் (கோஆக்ஸின் வெளிப்புறத்தில் ஆர்எஃப் ஓடாமல் தடுப்பது) போடுங்கள். பாதுகாப்பு எர்த்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

எர்த் மெகரில் (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) அளவெடுப்பது கத்திரி வெயிலில் இருக்கட்டும். ஐப்பசி மழையில் கிடைக்கும் ஓம் மே மாதத்தில் நிற்காது. கோடை இடி தொடங்கும் முன் எல்லா போல்ட்டையும் முறுக்கிப் பாருங்கள். இடி கேட்பதற்கு முன்பே, மேகம் கட்டும்போதே கோஆக்ஸையும் பவர் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கேட்ட பிறகு கேபிளைத் தொடாதீர்கள்.