பிள்ளைகளோடு கடற்கரை ரிசார்ட்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்கு முதல் தடவை குடும்பமாகப் போனபோது நாங்கள் ஆறு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். கணக்குப்படி ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர். இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும் என்றுதான் நினைத்தோம்.

ரிசார்ட்டின் நீச்சல் குளத்தோரம் அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அத்தான் யாருக்கோ படம் அனுப்பிக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் ஏதோ பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். அக்கா மகளுக்கு அப்போது நான்கு வயது. குளத்துப் படியில் உட்கார்ந்து வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவள், இன்னொரு படி இருக்கும் என்று நினைத்துக் காலை வைத்திருக்கிறாள். படி அங்கேயே முடிந்துவிட்டது. சத்தமே இல்லை. கத்தவில்லை, தண்ணீரை அடித்து ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், கண்ணை மறைக்கும் முடியோடு அப்படியே நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தாள். என் மனைவிதான் பார்த்து, போட்டிருந்த உடுப்போடு இறங்கித் தூக்கினாள். எல்லாம் சேர்த்துப் பத்து வினாடி இருக்கும். பிள்ளை இருமினாள், அழுதாள், அப்புறம் முறுக்கு கேட்டாள். எங்களுக்குத்தான் அன்று இராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேலே நிற்காதபோது கத்துவதற்குக் காற்று ஏது? ஆகவே சத்தம் கேட்டால் ஓடிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பதுதான் முதல் தவறு. அதைவிடப் பெரியது, எல்லோரும் இருக்கிறோம் என்ற தைரியம். அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருப்பதாக அக்கா நினைத்தாள். அத்தான் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். கூட்டுக் குடும்பமாகப் போகும் நம்மவர்களுக்கு இது அதிகம் நடக்கும். இரண்டே பேராகப் போகும் பெற்றோர் பயத்திலேயே ஒரு கண் வைத்திருப்பார்கள்.

இப்போது எங்களிடம் ஒரு சிவப்புத் தொப்பி இருக்கிறது. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் வாங்கியது, பார்க்கச் சகிக்காது. அது யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. இருபது நிமிடம், அந்த நேரத்தில் கைப்பேசி பைக்குள், வேடிக்கைப் பேச்சு கிடையாது. நேரம் முடிந்ததும் அடுத்தவர் தலையில் வைத்து, "இனி நீங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் கரையில் உட்கார்ந்து பார்ப்பதுகூடப் போதாது, தண்ணீருக்குள் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். பல ரிசார்ட் குளங்களில் 'உயிர்காப்பாளர் இல்லை' என்ற பலகைதான் இருக்கும், அதையும் நாம் படிப்பதில்லை.

கையில் மாட்டும் காற்றுப் பையும் இடுப்பு வளையமும் விளையாட்டுப் பொருள்கள்தான். நழுவும், காற்று இறங்கும். கடலில் இன்னும் மோசம்: கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசினால் பெரிய ஃபிளமிங்கோ மிதவை பிள்ளையோடு சேர்ந்து நகர ஆரம்பித்துவிடும், நீந்திப் பிடிக்க முடியாது. அளவு சரியாக இருக்கும் உயிர்காப்புச் சட்டையை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். நீச்சலுடை வாங்கும்போது நீலத்தையும் வெள்ளையையும் தவிருங்கள், குளத்தில் அவை தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சோ சிவப்போ தூரத்திலிருந்தே தெரியும்.

ஆபத்து நீச்சல் நேரத்தில் மட்டும் இல்லை. அறை வாசலிலிருந்து நேரே குளத்தில் இறங்கலாம் என்று விளம்பரம் செய்யும் அறைகளைப் பார்த்து ஆசைப்பட்டு எடுப்போம். நடக்கத் தெரிந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மத்தியானம் எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் கண்ணாடிக் கதவை யாராவது சரியாகச் சாத்தாமல் விட்டிருப்பார்கள். அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கதவு, பால்கனி, தாழ்ப்பாளின் உயரம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

சரி, வெயிலுக்கு வருவோம். "நம்ம பிள்ளைங்க கறுப்புதானே, நமக்கெல்லாம் எதுக்கு இந்த கிரீம்?" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். எங்கள் வீட்டில் அப்பா. கருமை நிறம் ஓரளவு காக்கும், முழுதாகக் காக்காது. நம் தோலில் சிவப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இரவில் தோளைத் தொட்டால் பிள்ளை வீறிடும்போதுதான் புரியும். தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் விடுவதும் உதவாது. எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் பாதி வேலை மிச்சம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிழல்தான். அந்தக் குழந்தையின் தள்ளுவண்டியைத் துணியால் மூடி வைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு: உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும்.

எந்த நேரம் வெயில் கடுமை என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சிங்கப்பூர் 1982 ஜனவரி முதல் தன் இடத்துக்கு உரியதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரத்தை வைத்திருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1 மணிக்கு. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 11 முதல் 3 வரை கடற்கரையைத் தவிர்க்க வேண்டும் என்றால், ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும் பிந்தானில் அதே வெயில் 10 முதல் 2 வரை. மேகமாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி புற ஊதாக் கதிர் அளவை வெளியிடுகிறது; செந்தோசாவுக்குப் போகிறவர்கள் மழை வருமா என்று பார்க்கும்போது அதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

அந்த ஒரு மணி நேர வித்தியாசம் வேறு இடத்திலும் படுத்தும். இங்கே காலை ஆறரைக்கு விழிக்கும் பிள்ளை அங்கே ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். காலைச் சாப்பாட்டுக் கூடம் திறக்க இன்னும் நேரம் இருக்கும். ரொட்டியும் வாழைப்பழமும் முதல் நாளே வாங்கி அறையில் வைக்காவிட்டால் அடுத்த அறைக்காரர்களும் உங்களோடு எழுவார்கள். அதேபோல் மாலை 6 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு அப்போது நம் ஊர் 7 மணிப் பசி. பெரியவர்கள் எட்டு மணிக்குக் கடலோரம் நிதானமாகச் சாப்பிடலாம் என்று திட்டம் போட்டால், மேசை மேல் தலை வைத்துத் தூங்கும் பிள்ளையை ஒரு கையிலும் கரண்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கும்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் முன்பதிவு செய்கிறவர்கள் கடலை எதிர்பார்த்துப் போவது அடுத்த தவறு. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். பிந்தானின் வட கரையும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தெசாருவும் தென் சீனக் கடலை நேராகப் பார்த்து நிற்கின்றன. அலை பெரிதாக இருக்கும், சிவப்புக் கொடி பறக்கும். சிங்கப்பூரின் தானா மேரா படகு முனையத்திலிருந்து பிந்தானுக்குப் போகும் ஒரு மணி நேரப் படகுப் பயணத்திலேயே வயிறு சொல்லிவிடும். வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டுப் படகில் ஏற்றாதீர்கள். கீழ்த்தளத்தில், நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள். அந்த மாதங்களில் சிறு பிள்ளைகளுக்குச் செந்தோசாதான் என் தேர்வு. எதிரே இருக்கும் சிறு திட்டுகள் அலையை மட்டுப்படுத்தும். அதற்கும் உத்தரவாதம் இல்லை என்பது வேறு விஷயம். 2024 ஜூன் 14 அன்று சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையத்தில் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, விடுமுறைக்குச் செந்தோசாவில் அறை எடுத்தவர்கள் கடலைப் பார்க்கத்தான் முடிந்தது, இறங்க முடியவில்லை. நல்ல குளமும் மழைக்கு ஒதுங்கி விளையாட இடமும் உள்ள ரிசார்ட்டாகப் பாருங்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. பாட்டிமார் கட்டித் தரும் தயிர்சாதம் படகில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டியது. பையில் கிடந்து சூடேறிய மிச்சத்தைச் சாயங்காலம் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள். உணவகத்தில் "தீடாக் பெடாஸ்" என்றால் காரம் இல்லாமல் தருவார்கள், ஆனாலும் ஒரு வாய் நீங்கள் ருசி பார்த்துக் கொடுங்கள்.

மருந்துப் பையில் வாய்வழி நீர்ச்சத்துப் பொட்டலம், காய்ச்சல் மருந்தோடு ஒரு சிறு புட்டி வினிகரும் வையுங்கள். சிங்கப்பூர்க் கடலிலும் கடும் நஞ்சுள்ள பாக்ஸ் ஜெல்லிமீன் தென்பட்டிருக்கிறது. கொட்டினால் மணல் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், இரண்டும் கூடாது. வினிகரை ஊற்றிவிட்டு உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். இந்தோனேசியாவில் நம் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழுத்திப் பயனில்லை, ரிசார்ட்டின் மருத்துவ உதவி எண்ணை அறைக்குப் போனதும் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். கொசு மருந்து பூசினால் சன்ஸ்கிரீனுக்கு மேலே பூச வேண்டும், கீழே இல்லை. மணல் ஈக்கள் கடிப்பது காலையிலும் அந்தியிலும்தான். அந்த நேரத்தில் மணலில் உட்கார்ந்து படம் எடுக்க ஆசைப்பட்டால் ஒரு வாரம் சொறிய வேண்டியதுதான்.

கடைசியாக, பெட்டி அடுக்கும் விஷயம். படகு காலையிலேயே கொண்டுபோய் விட்டுவிடும், அறை தருவதோ பெரும்பாலும் 3 மணிக்கு. நீச்சலுடையும் துண்டும் பெரிய பெட்டியின் அடியில் இருந்தால், வரவேற்புக் கூடத்தில் பெட்டியைக் கவிழ்த்துத் தேடும் குடும்பம் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அவற்றைத் தனிப் பையில் கைக்கு எட்டும்படி வையுங்கள். திரும்பும் நாளில் படகுச் சீட்டில் போட்டிருப்பது பிந்தான் நேரம். சிங்கப்பூருக்குத் திரும்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய எஸ்ஜி வருகை அட்டை குடிமக்களுக்கும் உண்டு, படகில் வருகிறவர்களுக்கு விலக்கு இல்லை. கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று. முதல் தடவை அது தெரியாமல், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தானா மேரா வரிசையில் ஒற்றைக் கட்டைவிரலால் கடப்பிதழ் எண்ணைத் தட்டிக்கொண்டு நின்றேன்.