பச்சை லைட்டு வராத நாட்கள்: மனச்சோர்வுக்குப் பயோஃபீட்பேக் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“தம்பி, இன்னைக்கும் பச்சை லைட்டு வரல. மூச்சு விடக்கூட எனக்குத் துப்பில்ல பாத்தியா” என்று மதினி சொன்ன அன்றுதான், நல்லது என்று எண்ணி நாங்கள் வாங்கிக் கொடுத்த கருவி அவரை என்ன பாடுபடுத்துகிறது என்பது எனக்கு உறைத்தது. மதினி முக்கூடலில் பீடி சுற்றுகிறார். ஒரு வருஷமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நாங்கள் செய்த தவறுகளை வேறு வீட்டார் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உடம்புக்குள் நடப்பதை ஒரு கருவியில் பார்த்து, அதைச் சீராக்கப் பழகுவதுதான் பயோஃபீட்பேக். இதில் பல வகை உண்டு. நாங்கள் பழகியது இதயத் துடிப்பை வைத்துச் செய்வது. விரலிலோ காதுமடலிலோ மாட்டும் கிளிப் நாடியை எடுத்துத் திரையில் அலையாகக் காட்டும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். மூச்சை நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு நிதானப்படுத்தினால் பெரும்பாலோருக்கு இந்த ஏற்ற இறக்கம் நன்றாக விரியும்; எங்கள் கருவியில் பச்சை லைட்டு வருவது அப்போதுதான், இல்லாவிட்டால் சிவப்பு. இரத்த அழுத்தத்தைச் சீராக்க உடம்பு தானாகச் செய்யும் வேலையும் மூச்சும் அப்போது ஒரே தாளத்துக்கு வருகின்றன. இந்தப் பயிற்சியால் சோர்வின் அறிகுறிகள் ஓரளவு தணிவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வைத்தியத்துக்குத் துணையாகத்தான். அதற்கு மேல் இதன் தலையில் பாரம் ஏற்றக்கூடாது.

முதல் தவறு சொல்லிலேயே இருக்கிறது. வேலை நெருக்கடியையும் ‘மன அழுத்தம்’ என்கிறோம், மனச்சோர்வையும் ‘மன அழுத்தம்’ என்கிறோம். ‘மன அழுத்தம் போக்கும் கருவி’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடப்பவரை முதலில் டாக்டரிடம்தான் கூட்டிப் போக வேண்டும். தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படிச் சோர்ந்து போவார். எந்தக் கிளிப்பும் அதைக் கண்டுபிடிக்காது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அடுத்தது மாத்திரையை நிறுத்துவது. நாலு நாள் அலை அழகாக வந்ததும் “இனி எதுக்கு மாத்திரை?” என்று கேட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. மனச்சோர்வு மருந்து பிடித்து வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கக்கேடும் வரலாம், நோயும் திரும்பலாம். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது மார்க் போடும் பழக்கம். நல்ல மனநிலையில் இருப்பவருக்குச் சிவப்பு லைட்டு ஒரு தகவல், அவ்வளவுதான். மனச்சோர்வில் இருப்பவர் ஏற்கெனவே ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்று மனசுக்குள் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார். சிவப்பு லைட்டு அதற்குச் சாட்சியாகப் போய் நிற்கிறது. நாங்களோ சாயங்காலம் ஆனால் “இன்னைக்கு எத்தனை மார்க்?” என்று கேட்டோம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் எண்ணோடு ஒப்பிட்டும் பேசினோம். வயது கூடக்கூட இந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே குறையும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளும், சில மனச்சோர்வு மருந்துகளுமே அதை மாற்றும். ஒருவர் எண் இன்னொருவருக்கு அளவுகோல் ஆகாது. பிறகு மதினிக்குத் திரையைத் திருப்பி வைத்துவிட்டு, 4 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடச் சொன்னோம். வாரம் ஒருநாள் மட்டும் கிளிப்.

பச்சை வரவேண்டும் என்ற வேகத்தில் நெஞ்சு புடைக்க இழுப்பதும் தவறு. மெதுவாக இழுக்க வேண்டும், நிறைய இழுக்கக்கூடாது. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறினால் தலை கிறுகிறுக்கும், விரல்நுனி மரத்துப்போகும். அப்படி ஆனால் நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், பயிற்சி தருபவரிடம் சொல்லுங்கள்.

விரலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் விறைத்த விரலில் நாடி சரியாகக் கிடைக்காது. வியர்வையை அளக்கும் வகைக் கருவி என்றால், இலையும் தூளும் பிடித்துக் காய்த்துப்போன விரல்நுனியை நம்ப முடியாது. டீ குடித்த கையோடு அளப்பதும் வீண்.

மூளை அலையைப் பார்க்கும் நியூரோஃபீட்பேக்குக்கு இருபது முப்பது முறைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் மனநல டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

“இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு வந்துவிட்டால் கருவியை ஓரமாக வையுங்கள். ஆளைத் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அலைப்படத்தை மட்டும் நீட்டாதீர்கள். நாங்கள் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு எழுந்தார், குளித்தாரா, ஒருவேளையாவது ருசித்துச் சாப்பிட்டாரா, பீடித்தட்டை மடியில் எடுத்தாரா என்று நாலே வரி. போன வாரம் ஒருநாள் மதினியே எழுதியிருந்தார்: “இன்னைக்கு வாசல்ல கோலம் போட்டேன்.”