கையில் இரண்டு நாவல் இருந்தால் ஏஜென்ட்டுக்கு எதை அனுப்புவது?

தமிழில் எழுதினால் கைப்பிரதியை நேராகப் பதிப்பகத்திலேயே கொடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுதி, நியூயார்க்கிலோ லண்டனிலோ பெரிய பதிப்பகத்தில் வர வேண்டுமென்றால் பெரும்பாலும் லிட்டரரி ஏஜென்ட் (எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசி நாவலை விற்றுத் தருபவர்) வழியாகத்தான் போக வேண்டும். என்னிடம் முடித்த நாவல்கள் இரண்டு. ஒன்று, காசிமேட்டில் மீன் ஏலம் விடும் பெண்ணின் கதை. இன்னொன்று, பெரம்பூர் ரயில் பட்டறையில் நடக்கும் கொலையைத் துப்பறியும் கதை. கொயரி லெட்டர் (ஏஜென்ட்டுக்கு நாவலை அறிமுகப்படுத்தும் கடிதம்), சினாப்சிஸ் (முழுக் கதையின் சுருக்கம்) எழுதுவது பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஒரு கடிதத்தில் ஒரே நாவல்

இரண்டு கதைச் சுருக்கத்தையும் ஒரே கடிதத்தில் போடாதீர்கள். கொயரி லெட்டர் 300 சொல்லைச் சுற்றித்தான் இருக்கும். அதில் இரண்டு கதை புகுந்தால் இரண்டுமே நிற்காது. ஒரே ஏஜென்ட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு கடிதம் அனுப்புவதும் வேண்டாம். முதலாவதற்குப் பதில் வரட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், சில மாதம் கழித்து அவருக்கே அடுத்த நாவலை அனுப்பலாம்.

படி 2: பட்டியல்

இரண்டு நாவலும் வேறு வேறு வகை என்றால் இரண்டு ஏஜென்ட் பட்டியல் போடுங்கள். யாருக்கு எப்போது அனுப்பினோம் என்று கணக்கு வைக்க, கொயரி டிராக்கர் தளம் நல்லதுதான். ஆனால் இலவசக் கணக்கில் ஒரு நாவலைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அதனால் நான் நம்புவது கூகுள் ஷீட்ஸை. ஏஜென்ட், ஏஜென்சி, எந்த நாவல், அனுப்பிய தேதி, பதில் என ஐந்து நெடுவரிசை போதும். இதில் ஏஜென்சி நெடுவரிசையை விடவே கூடாது. பல ஏஜென்சிகளில் ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம். சில இடங்களில் ஒருவர் மறுத்தால் எல்லோரும் மறுத்த கணக்கு.

படி 3: இன்னொரு நாவலை எங்கே சொல்வது?

நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். ஏஜென்ட் ஒரு புத்தகத்தை மட்டும் பார்ப்பதில்லை, இவரோடு பல வருடம் வேலை செய்யலாமா என்றும் பார்க்கிறார். ஆகவே இரண்டாவது நாவலை மறைக்க வேண்டாம், விவரிக்கவும் வேண்டாம். உங்களைப் பற்றிய கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி: "இதே வடசென்னைப் பின்னணியில் ஒரு துப்பறியும் நாவலையும் எழுதி முடித்திருக்கிறேன்." இந்த அளவில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். தலைப்பு, கதை, சொல் எண்ணிக்கை எதுவும் வேண்டாம். அவருக்கு ஆர்வமிருந்தால் அவரே கேட்பார். பாதியில் நிற்கும் நாவலை முடித்ததாகச் சொல்லவே சொல்லாதீர்கள். கேட்ட அன்றே அனுப்ப வேண்டியிருக்கும்.

எதை முதலில் அனுப்புவது? அடுத்த புத்தகமும் எந்த வகையில் எழுத ஆசையோ, அந்த வகை நாவலை. நான் ஏலக்காரப் பெண்ணைத்தான் முன்னே அனுப்பினேன்.

படி 4: ஒருவர் சரி என்றால்

ஒரு ஏஜென்ட் காசிமேட்டு நாவலை எடுத்துக்கொள்ள முன்வருகிறார், அப்போது பெரம்பூர் நாவல் வேறொருவர் மேசையில் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பேருக்கும் உடனே சொல்லிவிடுங்கள். யோசிக்க இரண்டு வாரம் கேட்பது வழக்கம்தான். ஆளுக்கொரு நாவலாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலான ஏஜென்ட்கள் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். ஒப்பந்தம் இந்த ஒரு புத்தகத்துக்கா, இனி எழுதும் எல்லாவற்றுக்குமா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கமிஷன் பொதுவாக ஏஜென்ட்டின் உள்நாட்டு விற்பனைக்கு 15%, வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20%. அதுவும் புத்தகம் விற்ற பிறகுதான். கைப்பிரதியைப் படிக்கவே காசு கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பின்சேர்க்கை: தொடர் நாவலாக இருந்தால் என்ன செய்வது என்று தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர் கேட்டார். முதல் பாகத்தை மட்டும் அனுப்புங்கள், அது தனியாகவும் நிற்க வேண்டும். முதல் பாகம் விலைபோகாவிட்டால் இரண்டாவதை விற்பது ரொம்பக் கஷ்டம். அதனால் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டாம் பாகத்தில் உட்காராமல் புதுக் கதை ஒன்றைத் தொடங்குங்கள்.

தமிழில் வெளிவந்த நாவலின் மொழிபெயர்ப்பை அனுப்பலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. அதற்கு முன் பழைய ஒப்பந்தத்தை எடுத்து, மொழிபெயர்ப்பு உரிமை உங்களிடம் இருக்கிறதா, பதிப்பகத்திடம் இருக்கிறதா என்று பாருங்கள்.