காளானின் நற்சேர்மங்கள் வீணாகாமல் சமைக்கும் முறை

காளானில் ஏறத்தாழ 90 சதவீதம் நீரே. எஞ்சிய சிறு பங்கில் உள்ள நற்சேர்மங்களுள் சில நீரில் கரைந்து வெளியேறுகின்றன, சில காற்றுப் பட்டதும் மாறிவிடுகின்றன, ஒன்று மட்டும் வெயில் பட்ட பிறகே உருவாகிறது. எனவே நமக்குக் கிடைக்கும் பயன் எந்தக் காளானை வாங்குகிறோம் என்பதைப் போலவே அதை எப்படிக் கையாளுகிறோம் என்பதையும் பொறுத்தது.

முதலில் அறிய வேண்டியது எர்கோதியோனின். தானியக் கதிர்களைத் தாக்கும் எர்காட் பூஞ்சையிலிருந்து 1909ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட, கந்தகம் கொண்ட இந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பானைப் (செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் பொருளை) பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும் மட்டுமே உருவாக்குகின்றன. நம் உடலால் இதை ஆக்கிக்கொள்ள முடியாது. ஆயினும் இதைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் கடத்திப் புரதம் ஒன்று நம்மிடம் இருப்பது 2005ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. உணவில் வரும் ஒரு பொருளை வரவேற்க உடல் இப்படி ஆயத்தமாக இருப்பதை நான் மிக முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். மொட்டுக் காளானைவிடச் சிப்பிக் காளானிலும் ஷிடாக்கே காளானிலும் இது பொதுவாக மிகுதி என்பதால், வாய்ப்புள்ளபோது அவற்றைத் தேர்ந்தெடுங்கள். குளூட்டாதயோன், பீனாலிக் சேர்மங்கள் ஆகிய பிற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் செலினியம் என்னும் தாதுவும் காளானில் உண்டு.

காளானின் செல்படலத்தில் உள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்பு வகைப் பொருள், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும். இருட்டறையில் வளர்ந்த காளானில் அந்த வைட்டமின் மிகக் குறைவு. ஆகவே சமைப்பதற்கு முன் குடையின் அடிமடிப்புகள் மேல்நோக்கி இருக்குமாறு பரப்பி, உச்சி வெயிலில் குறைந்தது 15 நிமிடம் வையுங்கள். கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே வைத்தால் பயனில்லை. தேவையான கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். நறுக்கி வைத்தால் வைட்டமின் கூடுதலாக உருவாகும் என்பது உண்மையே. ஆனால் நறுக்கிய பரப்பில் டைரோசினேஸ் என்னும் நொதி பீனாலிக் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்வதால்தான் காளான் பழுப்பாகிறது. நறுக்கினால் வெயிலிலிருந்து எடுத்தவுடன் சமைத்துவிடுங்கள்.

எர்கோதியோனின் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் நீரில் கரையும். ஆதலால் காளானை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அகன்ற சட்டியில் சிறிதளவு எண்ணெயுடன், காளானிலிருந்து ஊறும் நீர் அதிலேயே சுண்டும்வரை வதக்குங்கள். சூப் வைத்தால் நீரையும் சேர்த்து அருந்துங்கள். எண்ணெயில் பொரிப்பதைவிட அனலில் வாட்டுவதும் மைக்ரோவேவ் அடுப்பில் சமைப்பதும் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை நன்கு காக்கின்றன. செல்சுவரில் கைட்டின் என்னும் கடினமான பொருளுடன் பிணைந்துள்ள பீட்டா குளூக்கன் என்னும் நார்ப்பொருளுக்கு வெப்பத்தால் பெரிய இழப்பில்லை; பொடியாக நறுக்கி நன்றாக மென்று உண்டாலே போதும்.

சத்துப் போய்விடுமோ என்று அஞ்சிப் பச்சையாக உண்ண வேண்டாம். மொட்டுக் காளானில் உள்ள அகாரிட்டின் என்னும் விரும்பத்தகாத பொருள் சமைக்கும்போது குறைகிறது. சரியாக வேகாத ஷிடாக்கே சிலருக்குச் சாட்டையடித் தழும்பு போன்ற தடிப்புகளைத் தோலில் உண்டாக்கும். காட்டில் தானாக முளைத்த காளானுக்கோ சமையல் எவ்விதக் காப்பும் அல்ல: அவற்றுள் சிலவற்றில் உள்ள, கல்லீரலை அழிக்கும் அமாடாக்சின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் சிதைவதில்லை.