‘ஏதென்ஸ் பள்ளி’: அம்புக்குறி போட்ட படத்தை நம்பி ஏமாறாதீர்கள்

இத்தாலிய ஓவியர் ரஃபேல், தத்துவ அறிஞர்களின் கூட்டமாக வரைந்த ‘ஏதென்ஸ் பள்ளி’யை இணையத்தில் தேடினால் பாதிக்குப் பாதி, வட்டமும் அம்புக்குறியும் போட்ட படங்கள்தான் வருகின்றன. இவர் ஹெராக்ளிடஸ், அந்த முகம் மைக்கேலாஞ்சலோ, இவர் எபிகூரஸ், வெள்ளை உடையில் இருப்பவர் ஹைபேஷியா என்று இருபது பெயர்களை ஒட்டியிருப்பார்கள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே ‘இது யாரு, உங்க பெரியத்தையா?’ என்று கேட்கிற அதே ஆர்வம்தான். எனக்கும் அது இருந்தது. இந்த ஓவியத்தைப் பற்றி முதன்முறை எழுதியபோது இருபது பெயர்களையும் அப்படியே வரிசையாக எழுதிவைத்தேன். படித்த ஒருவர் ஒரே ஒரு வரி எழுதிக் கேட்டார்: “இதையெல்லாம் யார் சொன்னது?” பதில் தேடப் போனபோதுதான், என்னிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஊகம் என்று தெரிந்தது.

ரஃபேல் பெயர்ப்பட்டியல் எதையும் விட்டுச்செல்லவில்லை. ஓவியத்தின் நடுவில் நடந்து வருகிற இருவர் கையிலும் புத்தகம் இருக்கிறது. ஒன்றின் மேல் ‘டிமேயோ’, இன்னொன்றின் மேல் ‘எட்டிகா’ என்று எழுதியிருக்கிறது. முதலாவது பிளேட்டோவின் நூல், இரண்டாவது அரிஸ்டாட்டிலின் நூல். ஆகவே இந்த இருவரில் சந்தேகமில்லை. சப்பை மூக்கும் வழுக்கையுமாகப் பழைய சிலைகளில் பார்த்த முகம் என்பதால் சாக்ரடீஸையும் அடையாளம் காண்கிறோம். படிக்கட்டில் யாரையும் சட்டை செய்யாமல் சாய்ந்து கிடப்பவர் டயோஜினஸ் என்பதில் பெரிய தகராறு இல்லை. பிதாகரஸுக்குச் சாட்சி அவர் முன்னால் ஒரு பையன் பிடித்திருக்கும் பலகை.

அந்தப் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரோமன் எண்களில் 6, 8, 9, 12 என்று இருக்கும். பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் உள்ள விகிதம் நம் இசையில் கீழ் ‘ச’வுக்கும் மேல் ‘ச’வுக்கும் உள்ள தூரம். ஒன்பதுக்கு ஆறு என்பது ‘ச’விலிருந்து ‘ப’. எட்டுக்கு ஆறு என்பது ‘ச’விலிருந்து சுத்த மத்யமம். சுருதி பிடிக்கத் தெரிந்த எவரும் அந்தப் பலகையைப் படித்துவிடலாம். கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனக் கோடுகளை அடுக்கி, கூட்டுத்தொகை பத்து என்று எழுதியிருக்கிறது. பிதாகரஸின் சீடர்கள் புனிதமாகப் போற்றிய எண் அது. பெயரை ஒட்டுகிற அவசரத்தில் இந்தப் பலகையைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இவர்களை விட்டால் மற்றவர்கள் பலவீனமான சாட்சிகளோடுதான் நிற்கிறார்கள். குனிந்து கவராயத்தால் வரைகிறவரைப் பலர் யூக்ளிட் என்கிறார்கள், சிலர் ஆர்க்கிமிடீஸ் என்கிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு பூமி உருண்டையைப் பிடித்திருக்கும் தாலமியின் தலையில் கிரீடம் இருக்கிறது. வானியல் அறிஞர் தாலமிக்கும் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் அந்தக் காலத்தில் குழப்பிக்கொண்டதன் தடயம் அது.

பழைய ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பதும் ஒரு பொறி. இத்தாலிய ஓவியரும் எழுத்தாளருமான வசாரி தன் கலைஞர் வரலாற்று நூலை 1550இல் வெளியிட்டார்; ரஃபேல் இறந்து முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவரே பிதாகரஸ் குழுவைப் பார்த்து, பலகையைப் பிடித்திருக்கும் பையனைத் தேவதூதன் என்றும், எழுதிக்கொண்டிருப்பவரைப் புனித மத்தேயு என்றும் எழுதிவைத்தார். ஆனால் கவராயம் பிடித்தவருக்குக் கட்டடக் கலைஞர் பிரமாந்தேயின் முகம் என்று அவர் சொன்னதையும், வலது ஓரத்தில் கறுப்புத் தொப்பியோடு நம்மைப் பார்க்கும் இளைஞன் ரஃபேல்தான் என்று சொன்னதையும் இன்றும் ஏற்கிறார்கள். ஒரே சாட்சி ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் தப்பாகவும் பேசுகிறது.

பிளேட்டோவுக்கு லியனார்டோ டா வின்சியின் முகம் என்பார்கள். அந்தக் காலத்து ஆவணம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. கணிதமும் தத்துவமும் கற்பித்த ஹைபேஷியா என்ற பெண்ணின் கதை இன்னும் மோசம். இடப்பக்கம் நம்மை நேராகப் பார்க்கும் வெள்ளை உடை உருவம் ஹைபேஷியா என்றும், பிஷப் ஒருவர் ‘இவளை நீக்கு’ என்று உத்தரவிட்டதால் ரஃபேல் அடையாளத்தை மாற்றி ஒளித்துவைத்தார் என்றும் ஒரு கதை உலாவுகிறது. அந்த பிஷப்பின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். அதே உருவத்தை அப்போதைய போப் இரண்டாம் ஜூலியஸின் தம்பி மகன் பிரான்செஸ்கோ மரியா தெல்லா ரோவேரே என்று சொல்பவர்களும் உண்டு. ஹைபேஷியா கொல்லப்பட்டது உண்மை வரலாறு. அந்தத் துயரத்துக்கு இந்த ஓவியத்தின் துணை தேவையில்லை.

மைக்கேலாஞ்சலோ கதை மட்டும் வேறு ரகம். அதைப் புரிந்துகொள்ள இன்னொரு தவறைத் தாண்ட வேண்டும். இதைக் கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் பூசிய படம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இது ஃபிரெஸ்கோ, அதாவது ஈரமான சுண்ணாம்புச் சாந்தின் மேல் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டுவது. சாந்து காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகிக் கல்லாகிறது; வண்ணமும் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. காய்ந்தபின் மனம் மாறினால் வெறுமனே மேலே தீட்டிவிட முடியாது. அந்த இடத்துச் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு, புதிதாகப் பூசி, மறுபடி வரைய வேண்டும். அதனால் ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பூசிப் பூசி நகர்வார்கள். நாள்களின் எல்லைக்கோடு சுவரில் இன்றும் தெரியும்.

முன்னால் கல்மேசையில் சாய்ந்து, கன்னத்தில் கைவைத்து, பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் முரட்டு உருவம் அப்படிப் பின்னால் சேர்க்கப்பட்டது. இதற்கு இரண்டு சாட்சிகள். ஒன்று சுவரின் சாந்து. மற்றொன்று மிலானில் இருக்கிறது. சுவருக்கு மாற்றுவதற்காக ரஃபேல் கரியால் வரைந்த முழு அளவு மாதிரி, எட்டு மீட்டர் அகலமும் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் கொண்ட காகிதப் படம், அங்கே அம்புரோசியானா காட்சியகத்தில் இருக்கிறது. நெப்போலியனின் ஆட்கள் அதைப் பாரிஸுக்குத் தூக்கிப்போய், அவர் வீழ்ச்சிக்குப் பிறகுதான் திரும்பி வந்தது. பல ஆண்டுகள் பழுதுபார்த்து 2019இல் மறுபடி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்தக் காகிதத்தில் இந்த முரட்டு உருவம் இல்லை. அவர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது.

இந்த ஓவியத்தை ரஃபேல் 1509 முதல் 1511 வரை வரைந்ததாகக் கொள்கிறார்கள். அதே வத்திக்கான் வளாகத்தில், சில நிமிட நடை தூரத்தில், மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயக் கூரையை வரைந்துகொண்டிருந்தார். கூரையின் முதல் பாதி ஆகஸ்ட் 1511இல் திறந்து காட்டப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த இளைஞன் அதே தடித்த உடற்கட்டில் ஒருவரைச் சேர்த்தான் என்பது நம்பத்தகுந்ததுதான். ஆனால் பின்னால் சேர்த்தது உண்மை. மைக்கேலாஞ்சலோவின் முகம் என்பது நல்ல ஊகம். ஹெராக்ளிடஸ் என்பதும் ஊகம். மூன்றையும் ஒரே அம்புக்குறியில் கட்டிவிடக் கூடாது.

அடுத்தது தலைப்பே செய்யும் குழப்பம். ‘ஏதென்ஸ் பள்ளி’ என்பது பிற்காலத்தில் ஒட்டிய பெயர். அந்த அறையின் கூரையில், இந்தச் சுவருக்கு நேர் மேலே, தத்துவத்தை உருவகமாகக் காட்டும் பெண் உருவம் உட்கார்ந்திருக்கிறது. இருபுறமும் குழந்தைகள் பிடித்திருக்கும் பலகைகளில் ‘காரணங்களை அறிதல்’ என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. சரியான தலைப்பு வேண்டுமென்றால் அதுதான். தமிழில் ‘பள்ளி’ என்றதும் கரும்பலகையும் மணியும் ஞாபகத்துக்கு வருவது நம் கூடுதல் தொல்லை. அந்தக் கூட்டத்தில் வாத்தியார் எனத் தனியாக ஒருவரும் இல்லை. வேண்டுமானால் சமணத் துறவிகள் தங்கிய ‘பள்ளி’யை நினைத்துக்கொள்ளுங்கள், அது கொஞ்சம் நெருக்கம்.

இடமும் ஏதென்ஸ் கிடையாது. தலைக்கு மேல் போகும் அரைவட்ட வளைவுக் கூரைகளைப் பாருங்கள். பிளேட்டோ காலத்துக் கிரேக்கர்கள் தூணின் மேல் கிடைமட்டமாக உத்தரம் வைத்துக் கட்டியவர்கள். இது ரோமானியக் கட்டடக்கலை. 1506இல் அடிக்கல் நாட்டி, ரஃபேல் வரையும்போது பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருந்த பிரமாந்தேயின் புதிய புனித பேதுரு ஆலயத்தின் சாயல் அதில் அடிக்கிறது.

‘பண்டைக் கிரேக்க அறிஞர்கள்’ என்ற விளக்கமும் முழுக்கச் சரியில்லை. பிதாகரஸின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் தலைப்பாகைக்காரரை இபின் ருஷ்து என்கிறார்கள். அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கோர்டோபாவில் பிறந்த முஸ்லிம் அறிஞர். விண்மீன் உருண்டையைப் பிடித்திருப்பவர் பாரசீகத்து ஜரதுஷ்டர் என்கிறார்கள். பிதாகரஸுக்கும் இபின் ருஷ்துக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள். எந்த ஊரிலும் எந்த நாளிலும் இந்தக் கூட்டம் கூடியதில்லை.

எனக்கு அதிக எரிச்சல் தரும் தவறு, நடுவில் இருக்கும் இருவரையும் சண்டைக்காரர்களாக ஆக்குவது. பிளேட்டோ விரல் வானத்தைக் காட்டுகிறது, அரிஸ்டாட்டில் கை மண்ணைக் காட்டுகிறது, ஒருவர் கனவு காண்பவர், மற்றவர் நடைமுறைவாதி என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அரிஸ்டாட்டிலின் கையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அது கீழே சுட்டவில்லை. உள்ளங்கை விரிந்து, நமக்கு நேராக, நடுவாந்தரமாக நீள்கிறது. புத்தகங்களையும் பாருங்கள். கனவு காண்பவர் என்று நாம் சொல்லும் பிளேட்டோவின் கையில் இருப்பது ‘டிமேயோ’, இந்தப் பௌதிக உலகம் எப்படி உருவானது என்று பேசும் நூல். மண்ணைப் பார்ப்பவர் என்று நாம் சொல்லும் அரிஸ்டாட்டில் தன் இயற்கை ஆய்வு நூல்களை எடுத்துவரவில்லை. மனிதன் எப்படி வாழ வேண்டும் என்ற அறநூலோடு வருகிறார். இருவருக்கும் ஒரே வளைவுதான் பின்னணி. தரையின் கோடுகளும் கூரையின் கோடுகளும் இருவருக்கும் இடையில்தான் போய்ச் சேர்கின்றன. ஒரு தலைமுறை முன்னால் இத்தாலியத் தத்துவ அறிஞர் பிக்கோ தெல்லா மிராந்தோலா இவர்களுக்குள் உடன்பாடு உண்டு என்று நிறுவ முனைந்திருந்தார். ரஃபேல் காலத்தின் காற்றே அதுதான்.

கடைசியாக ஒன்று: இந்தச் சுவரை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்காதீர்கள். இது வத்திக்கானில் போப் இரண்டாம் ஜூலியஸின் அறை. அவருடைய சொந்த நூலகமாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எதிர்ச்சுவரில் இறையியல், ஜன்னல் இருக்கும் இரண்டு சுவர்களில் கவிதையும் சட்டமும். பார்க்கப் போகிறவர்கள் சிஸ்டைனை நோக்கி ஓடும் கூட்டத்தோடு அடித்துச் செல்லப்படுகிறார்கள். ஓரமாக ஒதுங்கி நின்று ஒரு முறை முழுதாகத் திரும்பிப் பாருங்கள். எதிர்ச்சுவரில் திருச்சபைத் தந்தையர் நால்வரின் தலைவட்டத்துக்குள் அவரவர் பெயர் எழுதியிருக்கும். கவிதைச் சுவரில் கிரேக்கப் பெண்கவி சாஃபோவின் கையிலுள்ள சுருளில் அவள் பெயர் இருக்கும். பெயர் எழுத வேண்டும் என்று தோன்றிய இடங்களில் ரஃபேல் எழுதியிருக்கிறார். தத்துவச் சுவரில் இரண்டு புத்தகத் தலைப்புகளோடு நிறுத்திக்கொண்டார்.

இல்லை, இன்னொன்றும் உண்டு. கவராயம் பிடித்துக் குனிந்திருப்பவரின் கழுத்துப்பட்டியில் மிகச் சிறியதாக ஆர், வி, எஸ், எம் என்று நான்கு எழுத்துகள். ‘ஊர்பினோ ஊர் ரஃபேல், தன் கையால்’ என்று அதைப் படிக்கிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் அந்தச் சுவரில் அவர் குறித்துவைத்த ஒரே ஆள்பெயர் தன்னுடையது.